ஆண்டிக்கு எப்படிப்பட்ட கோயில்?

இடையில் கோவணம். வலக்கையில் தண்டு, இடக்கை இடுப்பில். பக்கத்தில் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. தண்டாயுதபாணி என்று நாம் கும்பிடும் இந்தக் கோலம் பழநியில் நிலைபெற்றது. அங்கிருந்து, கொண்டுவிற்கக் கிளம்பிய நாட்டுக்கோட்டை நகரத்தாரோடும், சாலைக்கும் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் உழைக்கப் போனவர்களோடும் கடலைத் தாண்டியது. ரங்கூன், சைகோன், சிங்கப்பூர் என்று அவர்கள் கால் பதித்த ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணி எழுந்தருளினார். பினாங்கில் அவர் நிற்கும் இடம் தண்ணீர்மலை. ஜார்ஜ்டவுனில் கெபுன் பூங்கா சாலையை ஒட்டி எழும் அந்த மலையில் 513 படி ஏறினால் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம். 2012-இல் குடமுழுக்கு கண்ட புதிய கோயிலின் ராஜகோபுரம் 21.6 மீட்டர் உயரம். ஏறக்குறைய ஒரு கோடி ரிங்கிட் செலவு என்று அப்போது செய்திகள் வந்தன. இந்தியாவுக்கு வெளியே மிகப் பெரிய முருகன் கோயில் என்ற பேச்சும் அன்று முதல் இருக்கிறது. பெருமைப்பட வேண்டிய உழைப்புதான், அதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டு, மலையேறி நின்ற பிள்ளைக்கு இத்தனை பெரிய வாசல் எதற்கு?

இது விதண்டாவாதமாகத் தோன்றலாம். ஆனால், உள்ளே இருக்கும் தெய்வத்தின் கோலமே வெளியே எழும் கட்டடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கல்லில் செய்து காட்டியது. சுவாமிமலையை எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையில், மருந்துக்கும் மலை கிடைக்காத சமவெளியில் இருக்கும் ஊர் அது. அங்கே முருகன் தந்தைக்கு உபதேசம் செய்த குரு. குரு மேலே இருக்க வேண்டும், கேட்பவர் கீழே இருக்க வேண்டும். அதனால் கல்லை அடுக்கிக் கட்டுமலை எழுப்பி, மகனை உச்சியில் வைத்து, சிவனாரைக் கீழ்த்தளத்தில் எழுந்தருளச் செய்தார்கள். இடையில் தமிழ் ஆண்டுகளின் பெயரால் 60 படிகள். ஒரு புராணக் காட்சி அங்கே கோயிலின் குறுக்குவெட்டுத் தோற்றமாகவே ஆகிவிட்டது. வரைபடம் வேறு, கதை வேறு என்று பிரிக்க வழியில்லை.

திருவனந்தபுரத்தில் பெருமாள் 18 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். சதுரக் கருவறையும் ஒற்றை வாசலும் அந்தத் திருமேனிக்குப் போதா. எனவே மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக்கமலம், மூன்றாவதில் திருவடி. கும்பிட வருகிறவர் நகர்ந்து நகர்ந்துதான் இறைவனை முழுதாகப் பார்க்க முடியும். உத்திரமேரூர் சுந்தரவரதர் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் மூன்றும் வேண்டும் என்று முடிவு செய்ததால் விமானமே மூன்று தளமாக எழுந்தது. ஒவ்வொரு தளமும் ஏறிப்போய் வணங்கும் கருவறை. காஞ்சி உலகளந்த பெருமாளுக்கு ஏறக்குறைய 35 அடி உயரம். அண்ணாந்து பார்த்தால்தான் தூக்கிய திருவடி கண்ணில் படும். கருவறையின் உயரம் அந்தக் காலைத் தூக்கியதால் வந்தது. தில்லையில் கூத்தன் ஆடும் சிற்றம்பலம் பொன் வேய்ந்த மரக்கட்டுமானம், ஏறக்குறைய ஒரு குடிலின் அமைப்பு. வழக்கமான கருங்கல் விமானம் அங்கே இல்லை. உள்ளே ஆடுகிறவரின் 108 கரணங்களோ கோபுர வாசலின் உட்சுவரிலேயே தொடங்கிவிடுகின்றன. மாமல்லபுரத்தில் கொற்றவைக்கு வெட்டியது கூரைக்குடில் போன்ற சிறு தளி, முன்னால் அவளுடைய சிங்கம். ஒடிசாவின் கோனார்க்கில் சூரியன் தேரேறி வருபவன் என்பதால் 13-ஆம் நூற்றாண்டில் கோயிலையே 24 சக்கரத்தோடும் ஏழு குதிரையோடும் தேராகச் செய்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர் எல்லையில் அய்யனார் குதிரையேறிக் காவல் சுற்றுகிறவர். அவருக்கு மதில் கட்டி அடைத்து வைத்தால் காவல் எப்படி நடக்கும்? வேளார்கள் சுட்டு வைத்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் திறந்தவெளிதான் அவருக்குக் கோயில். சிற்ப சாஸ்திரம் படிக்காத ஊர் அய்யனாரைச் சரியாகவே படித்திருக்கிறது.

ஆகமத்தை மீறிப் புதுமை செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை மரபின் நடு மையத்தில் இருக்கும் கோயில்கள் என்பதே அதற்கு முதல் பதில். இரண்டாவதாக, சிற்ப நூல்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தாராளமானவை. மயமதம் போன்ற நூல்கள் கருவறைக்குச் சதுரத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நீள்சதுரம், வட்டம், நீள்வட்டம், தூங்கானை வடிவம், அறுகோணம், எண்கோணம் எல்லாவற்றுக்கும் இடம் தருகின்றன. மூலவரின் உயரத்தைக் கருவறையின் அகலத்தோடும் வாசற்காலின் உயரத்தோடும் பொருத்திக் கணக்கிடுவதும் அந்த நூல்களின் வழிதான். தாளமானம் என்ற அளவுமுறையில் தொடங்கும் சிற்பியின் கணக்கு கட்டடத்தில் போய் முடிகிறது. நமக்குப் பழகிப்போன ஒரே மாதிரிக் கோயில், அதாவது முன்னால் வண்ணச் சுதைக் கோபுரம், நடுவே கான்கிரீட் மண்டபம், பின்னால் சிறு விமானம் என்கிற அமைப்பு, ஆகமம் விதித்ததைவிட ஒப்பந்தமும் காலக்கெடுவும் விதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே வரைபடத்தில் நிலைகளின் எண்ணிக்கையை மாற்றினால் மாரியம்மனுக்கும் ஆகிறது, பெருமாளுக்கும் ஆகிறது, ஆண்டிக்கும் ஆகிறது.

தண்ணீர்மலையின் கதை இந்த இடத்தில் உதவுகிறது. இன்றைய கோயிலுக்கு முன்னால், அருவியின் அருகே இந்தியத் தொழிலாளர்கள் வைத்து வணங்கிய சிறு சந்நிதி இருந்தது. அருவி நீரை நகரத்துக்குக் கொண்டுபோகும் ஆங்கிலேயர் காலத்துத் திட்டங்களால் அந்தச் சந்நிதி இடம் பெயர வேண்டிவந்தது. முருகன் மலைமேல் ஏறினார். கட்டாயத்தால் நடந்த மாற்றம்தான். ஆனால் யாரும் திட்டமிடாமலே மூர்த்திக்கும் இடத்துக்கும் இருந்த பொருத்தம் கூடிவிட்டது. தண்டோடு தனியே நிற்கும் பிள்ளைக்கு மலைச்சரிவும் காடும் ஏற்றமும் கிடைத்தன. கீழே, அதே சாலையில், நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அது மண்டபமும் கூடமுமாக மனிதர் கூடி அமர்ந்து உண்டு பேசும் அளவில் விரிந்த கோயில். கீழே சமூகத்தின் கோயில், மேலே துறவியின் கோயில் என்று பினாங்கு தனக்குத் தெரியாமலே ஒரு நல்ல பிரிவினையைச் செய்து வைத்திருந்தது.

அந்தப் பிரிவினை தைப்பூசத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழிநெடுக உடைபடும் தேங்காய்க் குவியலைக் கடந்து, தண்ணீர்மலைச் சாலைக்கு வருகிறது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வேலைச் சுமந்து புறப்படுகிறது. இரண்டு ரதமா ஒரு ரதமா என்று அப்போது எழுந்த சர்ச்சை இங்கே வேண்டாம். நாம் கவனிக்க வேண்டியது, எந்த ரதமானாலும் அடிவாரத்தோடு சரி என்பதை. அதற்கு மேல் காவடிக்காரரும், பால்குடம் ஏந்திய பெண்ணும், வேடிக்கை பார்க்க வந்தவரும் வெறுங்காலோடு படி ஏறியாக வேண்டும். ஆடம்பரம் கீழே நின்றுவிடுகிறது. இதைவிடக் கச்சிதமாகத் தண்டாயுதபாணியின் கோலத்தை இடத்தில் எழுதிக் காட்ட எந்த ஸ்தபதியாலும் முடியாது. புதிய கோயில் இந்தப் படிவழியைக் காப்பாற்றியிருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். என் குறை, ஏற்றம் முடியும் இடத்தைப் பற்றியது. மூச்சு வாங்க மேலே போனவர் அங்கே, தான் கீழே விட்டுவந்த நகரத்துக் கோயிலின் வாசலையே மறுபடி பார்க்கிறார்.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பழநியில் இதே தண்டாயுதபாணிக்கு மாலையில் ராஜ அலங்காரம் செய்கிறார்கள். கிரீடமும் பட்டும் பூண்டு ஆண்டி அரசனாகிறார். பக்தர்கள் அதைக் காண முண்டியடிக்கிறார்கள். ஆக இவர் அரசனும்தானே, அரசனுக்குக் கோபுரம் கூடாதா? போதாக்குறைக்குப் பழநி மலைமேலேயே ராஜகோபுரம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அலங்காரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலப் பூசையிலும் முந்தைய அலங்காரம் களையப்படுகிறது. அபிஷேகம் நடக்கிறது. பாலும் சந்தனமும் திருநீறும் வழிந்திறங்கும் அந்த நேரத்தில் கோவணமும் தண்டும் மட்டும் தெரியும் பழைய மேனி வெளிப்படுகிறது. பிறகுதான் அடுத்த வேடம். வேடனும் அரசனும் அந்த மேனியின் மேல் வந்து போகிறார்கள். கான்கிரீட்டைக் களைந்து அபிஷேகம் செய்ய முடியாது. 21 மீட்டர் உயரத்துக்கு நிரந்தரமாகச் சூட்டிய ராஜ அலங்காரத்தை எந்தக் குருக்கள் எந்தக் காலப் பூசையில் இறக்கி வைப்பார்? நம் மரபு இதற்கு அழகான வழி வைத்திருந்தது. மூலவர் அசையாதவர், உற்சவர் ஊர்சுற்றுபவர். செல்வச் செழிப்பைக் காட்ட விரும்பினால் அது உற்சவரிடமும் தேரிடமும் வாகனத்திடமும் போகும். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கண்குளிரப் பார்த்தபின் கொட்டகைக்குத் திரும்பும். பழநிக் கோபுரத்தைப் பொறுத்தவரை, நூற்றாண்டுகளாகப் பல அரசர்களும் ஜமீன்களும் தம்தம் காலத்தில் சேர்த்தவற்றில் அதுவும் ஒன்று. மூலவரும் மலையும் வந்து நெடுங்காலம் ஆன பிறகு சேர்ந்ததை, இங்கே புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோபுரம் என்ற உறுப்பே எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிட்டோம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் விமானம்தான் வானளாவியது, வாயில்கள் அதற்கு அடங்கி நின்றன. பிற்காலத்தில் மதிலுக்குள் மதிலாகத் திருச்சுற்றுகள் பெருகி, சமவெளியில் நகரங்கள் கோயிலைச் சுற்றி வளர்ந்தபோது, வயலில் நிற்பவருக்கும் தெய்வம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயில்கள் உயர்ந்தன. உள்ளே விடப்படாதவர்கள் வெளியே நின்றே கும்பிட்டுப் போனதற்கும் அந்தக் கோபுரங்களே சாட்சி. திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 1987-இல்தான் முழுமை பெற்றது. சமவெளிக்கு அது தேவை. மலைமேல் அந்த வேலையை மலையே செய்துவிடுகிறது. திருச்செந்தூரைப் பாருங்கள். முருகன் கிழக்கே கடலை நோக்கி நிற்கிறான். ஒன்பது நிலை ராஜகோபுரமோ மேற்கே, அவன் முதுகுப் பக்கம் இருக்கிறது. இறைவனின் பார்வை கடல்மேல் விழட்டும் என்று அன்றைக்குக் கட்டியவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

எந்தச் சித்திரிப்பைப் பின்பற்றச் சொல்கிறீர்கள், முருகனுக்கு ஒரே உருவமா இருக்கிறது என்ற கேள்வி அடுத்து வரும். நியாயமானது. ஆறு முகத்தோடு மயிலேறி வருபவனும் அவன்தான், திருப்பரங்குன்றத்து மணமகனும் அவன்தான். உருவமே இல்லாத முருகனும் உண்டு. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கற்கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் வெளிப்பட்டது. வடக்கு நோக்கிய அந்தக் கோயிலில் கல்லால் செய்த வேல் ஒன்று கிடைத்தது; முருகன் கோயில் என்று அடையாளம் காண அந்த வேலே துணை செய்தது. இலங்கையின் கதிர்காமத்தில் இன்றும் மூலவர் யார் கண்ணிலும் படுவதில்லை. திரைக்குப் பின்னால் பூசை நடக்கிறது. மறைவாக இருப்பவருக்கு ஏற்ற மாதிரியே அந்தக் கோயிலும் கோபுரமில்லாத எளிய கட்டடம். இத்தனை வகை இருப்பதால் சித்திரிப்பைக் கைவிட வேண்டும் என்று ஆகாது. எந்த ஊரில் எந்தக் கோலம் நிற்கிறதோ அந்தக் கோலத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவே. பத்துமலையில் தம்புசாமிப் பிள்ளைக்குக் குகை வாயே வேல் வடிவில் தெரிந்தது என்பார்கள். 1890-களின் தொடக்கத்தில் அவர் அங்கே வேலவனைக் குடியேற்றினார். கட்டடமே தேவைப்படாத கோயில் கண்டுபிடிப்பு அது. 2006-இல் அந்தக் குகைக்கு முன்னால் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. இன்று கீழே வந்து நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பொன்வண்ணச் சிலை; பிள்ளை கண்ட வேல் வடிவம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. 2018-இல் 272 படிகளுக்கும் வானவில் வண்ணம் பூசியபோது, மரபுரிமைத் துறை அனுமதி கேட்டார்களா என்று கேட்க நேர்ந்தது. 2022-இல் சேலம் மாவட்டத்து முத்துமலையில் 146 அடி சிலை திறக்கப்பட்டபோது பத்துமலையின் 140 அடியைத் தாண்டிவிட்டோம் என்பதே செய்தியானது. எவனுடைய சிலை என்பதைவிட எத்தனை அடி என்பது முக்கியமாகிவிட்ட பிறகு, சித்திரிப்பைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

கடைசியாக, மனத்தைத் தொடும் மறுப்பு. புலம்பெயர்ந்த சிறுபான்மைச் சமூகம் தன் இருப்பை வானில் எழுதிக்காட்ட விரும்புகிறது, கோபுரம் அதற்கான கையெழுத்து, மற்ற மதங்களின் கோபுரங்களும் குவிமாடங்களும் நிறைந்த ஜார்ஜ்டவுனில் நாம் மட்டும் அடக்கமாக இருக்க வேண்டுமா என்பது. இந்த உணர்வை நான் மதிக்கிறேன். குயின் ஸ்திரீட்டில் 1833 முதல் இருக்கும் மாரியம்மன் கோயிலின் வண்ணக் கோபுரம் அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே, ஊர்த்தாய்க்கு, தெருவைப் பார்த்த கோபுரம் மிகப் பொருத்தம். ஆனால் பினாங்குத் தமிழரின் அடையாளத்தை உலகம் அறிந்தது கோபுரத்தால் அல்ல. தைப்பூசத்தன்று அந்த மலையில் ஏறும் கூட்டத்தால்தான். புதிய கோயில் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சீனர்களும் தேங்காய் உடைக்க வந்தார்கள். ஏற்றமே அங்கே அடையாளம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கட்டியதை இடிக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்பது வழக்கம்; ஒவ்வொரு முறையும் எதையாவது சேர்க்கிறோம். சேர்ப்பதைப் படிவழியில் சேர்க்கலாம். நிழலும் தண்ணீரும் உட்காரத் திண்ணையும் உள்ள இளைப்பாற்று மண்டபங்கள் வரட்டும். பழத்துக்காக உலகைச் சுற்றியது முதல் தனியே நின்றது வரை பிள்ளையின் கதை படிப்படியாக அவற்றின் தூண்களில் வளரட்டும். மேலே போகப் போகச் சிற்பம் குறையட்டும், உச்சியில் வெறும் தூணாகட்டும். காட்டை வெட்டாமல், சுவருக்கு ஏழு வண்ணம் தேடாமல், ஊருக்குப் பெயர் கொடுத்த தண்ணீரை ஒரு கல் ஓடையிலாவது ஏறுகிறவரின் காலடியில் வரவழைக்கலாம். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் இயந்திர வழி கட்டாயம் வேண்டும். பழநியில் 1966 முதல் இழுவை ரயில் ஓடுகிறது, 2004 முதல் ரோப்கார் ஓடுகிறது, ஆண்டி கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்தபதியிடம் வரைபடம் கேட்கும் நாளில் திருப்பணிக் குழுவினர் முதலில் அபிஷேக நேரத்து மூலவரைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். கோபுரத்துக்கு எத்தனை நிலை என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.